காய்ந்த படுக்கைக்கு ஸ்டார் கிடையாது

நேற்று இன்பாக்ஸில் ஒரு தோழி. "பையனுக்கு எட்டு வயசு. ஸ்கூல்ல ரெண்டு நாள் கேம்ப். அனுப்பலாமா வேண்டாமான்னு தெரியல. உனக்குப் புரியும்ல?" அவ்வளவுதான் எழுதியிருந்தாள். புரிந்தது. ராத்திரியில் படுக்கையை நனைக்கிற பிள்ளையை வைத்திருக்கும் அம்மாக்கள் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. "அந்தப் பிரச்சினை" என்போம். இல்லையென்றால் இப்படிப் பாதியில் நிறுத்திவிடுவோம்.

என் பையன் ஒன்பது வயது வரை நனைத்தான். எழுதட்டுமா என்று அவனிடமே கேட்டேன். இப்போது மீசை அரும்புகிற வயது. "பேர் போடாத, போட்டோ போடாத, மத்தபடி எழுதிக்கோ" என்றான். அவன் அப்பாவிடமும் அனுமதி வாங்கினேன். அவர் எதற்கு இதில் என்பது பிறகு.

முதலில் கணக்கு. 5 வயதில் 100 பிள்ளைகளில் 15 பேர் போல நனைக்கிறார்கள். 7 வயதில் 10 பேர். 10 வயதிலும் 5 பேர். நாற்பது பேர் இருக்கிற இரண்டாம் வகுப்பில் உங்கள் பிள்ளையைப் போல இன்னும் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் ஒருவரை ஒருவர் தெரியாது. ஒவ்வொரு பிள்ளையும் உலகத்திலேயே தான் ஒருத்தன்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருக்கும். ஐந்து வயதுக்கு முன்னால் மருத்துவத்தில் இதை ஒரு கோளாறாகவே எடுத்துக்கொள்வதில்லை. மூன்று வயதுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டாம்.

"சோம்பேறித்தனம். எழுந்து போகச் சோம்பல்." எங்கள் வீட்டிலும் இதைச் சொன்னார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், மறைக்க மாட்டேன். சோம்பல்பட வேண்டுமானால் முதலில் விழித்திருக்க வேண்டுமே! நடப்பது இதுதான். ராத்திரியில் மூளையிலிருந்து வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து, சிறுநீரகத்தில் சிறுநீர் ஊறுவதைக் குறைக்கும். சில பிள்ளைகளுக்கு அந்தச் சுரப்பு இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை. பகலைப் போலவே ராத்திரியிலும் சிறுநீர் ஊறுகிறது. சிலருக்குச் சிறுநீர்ப்பை கொஞ்சமாகத்தான் தாங்கும். எந்த வகையாக இருந்தாலும் பை நிறைந்த செய்தி மூளைக்குப் போகிறது, மூளை எழுப்பவில்லை. நிறைய பிள்ளைகளுக்கு இவை எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்திருக்கும். இதில் பிள்ளை வேண்டுமென்று செய்வது எது? தூங்குகிறவனைத் திட்டி என்ன பயன்?

திட்டியதன் பலனை நான் பார்த்தேன். ஒரு நாள் காலையில் அவன் கட்டில் நன்றாக விரித்து, ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. சந்தோஷமாகப் போர்வையைத் தூக்கினேன். நனைந்த இடத்தின் மேல் துண்டு, அதன் மேல் இன்னொரு துண்டு. ராத்திரி எத்தனை மணிக்கோ எழுந்து, நனைந்த டிரவுசரைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் ஷூ டப்பாவுக்குள் திணித்துவிட்டு, அந்த ஈரத்தின் மேலேயே படுத்திருக்கிறான். ஏழு வயது. அவன் அடக்கப் பழகவில்லை, ஒளிக்கப் பழகியிருந்தான்.

அதற்குப் பிறகு திட்டை நிறுத்தினேன். ஆனால் அடுத்து செய்தது அதைவிடப் பெரிய தப்பு, செய்யும்போது தப்பென்று தெரியாத தப்பு. சுவரில் ஒரு சார்ட். நனைக்காத நாளுக்கு ஒரு ஸ்டார், பத்து ஸ்டாருக்கு ஒரு சைக்கிள். முதல் வாரம் இரண்டு ஸ்டார். அடுத்த வாரம் ஒன்றுகூட இல்லை. பதினைந்தாவது நாள் காலையில் சார்ட் முன்னால் நின்று, "நான் டிரை பண்ணிட்டேதாம்மா தூங்கினேன்" என்றான். அந்த வாக்கியத்தைக் கேட்டபின் நான் அந்த சார்ட்டைக் கிழித்துவிட்டேன். கையில் இல்லாத ஒன்றுக்குப் பரிசு அறிவிப்பதும் தண்டனைதான். என்ன, சிரித்துக்கொண்டே கொடுக்கிறோம். புது சார்ட்டில் அவனால் முடிந்ததற்கு மட்டும் ஸ்டார்: பகலில் தண்ணீர் குடித்தால் ஒன்று, படுக்கும் முன் பாத்ரூம் போனால் ஒன்று, காலையில் பெட்ஷீட்டை உருவி என்னோடு மெஷினில் போட்டால் ஒன்று. கடைசியானது தண்டனையாக இருக்கக் கூடாது. கூடமாட ஒத்தாசை, அவ்வளவே.

டாக்டரிடம் போனபோது அந்தம்மா சிறுநீரைப் பற்றிக் கேட்கவே இல்லை. முதல் கேள்வி, "தினமும் வெளிக்குப் போறானா? கெட்டியாப் போறானா?" எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. நாம் வந்தது ஒன்றுக்கு, இவர் கேட்பது இன்னொன்றுக்கு என்று. பிறகு விளக்கினார். மலக்குடலும் சிறுநீர்ப்பையும் முன்னும் பின்னுமாக ஒட்டிய பக்கத்து வீடுகள். அங்கே மலம் சேர்ந்து இறுகினால் இங்கே பைக்கு விரிய இடமில்லை. என் பையன் ஸ்கூல் பாத்ரூம் நாற்றத்துக்குப் பயந்து இரண்டையும் அடக்கிக்கொண்டு வருகிறவன். மூன்று நாளைக்கு ஒருமுறை போவான். அதை நான் ஒரு விஷயமாகவே எண்ணவில்லை. மலச்சிக்கலைச் சரிசெய்ததிலேயே வாரத்தில் ஆறு நாள் நனைத்தது நான்கானது. சில பிள்ளைகளுக்கு இது ஒன்றிலேயே மொத்தமும் நின்றுவிடும்.

அடுத்து ஒரு வேலை கொடுத்தார். இரண்டு நாள் லீவில் அவன் போகிற ஒவ்வொரு முறையும் அளவுக் கோப்பையில் பிடித்து எழுத வேண்டும். வயதோடு ஒன்று கூட்டி 30-ஆல் பெருக்கினால் அந்த வயதுப் பை தாங்க வேண்டிய அளவு மில்லியில் வரும். ஏழு வயதுக்கு 240. அவனுக்கு அதிகபட்சம் 130 வந்தது. அவனே எழுதிக் கூட்டிப் பார்த்து, "அப்ப என் டேங்க் சின்னது" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தான் கெட்ட பையன் இல்லை, டேங்க்தான் சின்னது.

சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே கொடுக்காமல் வாய் காய வைப்பது பல வீடுகளில் நடக்கிறது. பிரச்சினை அங்கே இல்லை. பிள்ளைகள் பகல் முழுக்கப் பாட்டிலைத் திறக்காமல் வீட்டுக்கு வந்து மடக் மடக்கென்று குடிக்கிறார்கள். நாள் முழுக்கக் குடிப்பதில் பெரும்பகுதி காலையிலும் மதியத்திலும் உள்ளே போய்விட்டால், சாயங்காலம் தானாகக் குறையும். டீ, காபி, கோலா மட்டும் சாயங்காலத்தில் கண்டிப்பாக வேண்டாம்.

இன்னொன்று, பதினோரு மணிக்குத் தூக்கிக்கொண்டு போவது. நாங்கள் பத்து மாதம் செய்தோம். தோளில் சாய்ந்தபடி போவான், கண்ணைத் திறக்காமல் நிற்பான், இஸ்ஸ்ஸ் என்றதும் போவான், மறுபடி தோள். காலையில் கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது. யோசித்துப் பாருங்கள், தூக்கத்திலேயே போவதற்குத்தானே நாங்கள் டிரெயினிங் கொடுத்திருக்கிறோம்! பெட்ஷீட் மிச்சமாகும், அவ்வளவுதான். எழுப்புவதாக இருந்தால் நன்றாக எழுப்பி அவன் காலால் நடக்க வையுங்கள்.

டாக்டர் அன்றைக்குக் கடைசியாகக் கேட்டது, "உங்க ரெண்டு பேர்ல யாருக்காவது சின்ன வயசுல இருந்ததா?" நான் இல்லை என்றேன். என் மாமியார் உடன் வந்திருந்தார், "எம்புள்ளைக்கு அதெல்லாம் கிடையாது" என்று முந்திக்கொண்டார். என் கணவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, "பன்னெண்டு வயசு வரைக்கும்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பையனிடம் அதிகமாகக் கத்தியது அவர்தான். அந்தக் கத்தல் யாரை நோக்கி என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கு வர ஏறக்குறைய 44 சதவீத வாய்ப்பு, இரண்டு பேருக்கும் என்றால் 77 என்கிறார்கள். அவர் அதைப் பையனிடம் சொல்ல இன்னும் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார். நான் அவசரப்படுத்தவில்லை.

எங்களுக்குக் கைகொடுத்தது அலாரம். 1938-லேயே மௌரர் என்ற அமெரிக்க உளவியல் தம்பதி எழுதி வைத்த முறை. உள்ளாடையில் ஒரு சென்சார், முதல் சொட்டு பட்டதும் அலறும். வீடே எழுந்துவிடும், அவனைத் தவிர. முதல் மூன்று வாரம் அது எனக்கான அலாரம்தான். நான் ஓடிப்போய் அவனை உலுக்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் பத்து நாளில் "வேலை செய்யல" என்று அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். காய்ந்ததா நனைந்ததா என்று பார்க்காதீர்கள், ஈர வட்டத்தின் அளவைப் பாருங்கள். எங்களுக்கு மெத்தை அகலத்துக்கு இருந்தது சாப்பாட்டுத் தட்டு அளவானது, பிறகு சாஸர், பிறகு உள்ளாடையில் மட்டும். தொடர்ந்து 14 நாள் காய்ந்தபோது பதினோரு வாரம் ஆகியிருந்தது. மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குப் பலிக்கும். இடையில் காய்ச்சல் வந்து மறுபடி நனைத்தான், மறுபடி மாட்டினோம், சீக்கிரமே சரியானது.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று ஆரம்பித்தால், டாக்டரைப் பாருங்கள். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். ஓயாத தாகமும் எடை குறைவதும் சேர்ந்தால் சர்க்கரை, அன்றைக்கே பார்க்க வேண்டியது. பகலிலும் சொட்டுகிறதா, ராத்திரி வாயைத் திறந்து குறட்டை விடுகிறானா என்பதையும் சொல்லுங்கள். எதையோ, யாரையோ பார்த்துப் பயந்து போயிருக்கிறானா என்றும் பாருங்கள்.

இப்போது கேம்ப். அனுப்பு தாயே. என் பையனும் எட்டு வயதில் போனான், அலாரம் வாங்குவதற்கு முன்னால். டெஸ்மோபிரஸ்ஸின் என்ற மாத்திரை இருக்கிறது, அந்த ஹார்மோனின் வேலையைச் செய்யும். போடுகிற நாளைக்குத்தான் பலன், நிறுத்தினால் பழையபடிதான். ஆனால் கேம்ப், கல்யாண வீடு மாதிரி இடங்களுக்கு அது போதும். டாக்டர் எழுதிக் கொடுத்துதான் போட வேண்டும், கிளம்புவதற்கு முன்பே வீட்டில் போட்டுப் பார்க்க வேண்டும். மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து எட்டு மணி நேரம் பிறகு வரை ஓரிரு மடக்குக்கு மேல் தண்ணீர் கூடாது. மீறினால் ரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரை போகும், விளையாட்டில்லை. ஒரே ஒரு டீச்சரிடம் மட்டும் சொல், யாரிடம் என்பதை அவன் சொல்லட்டும். ஸ்லீப்பிங் பேக்கின் அடியில் இரண்டு புல்-அப் டயப்பர், ஒரு கறுப்புக் கவர். விடியும் முன் அவனை மெதுவாகத் தட்டிவிட்டால் போதும், மீதியை அவன் பார்த்துக்கொள்வான்.

என் பையன் திரும்பி வந்தபோது நான் எதுவும் கேட்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது அவனாகத்தான் சொன்னான். "காலையில இருட்டா இருக்கும்போதே டீச்சர் எழுப்பினாங்கம்மா. பாத்ரூம் வாசல்ல எனக்கு முன்னாடியே ரெண்டு பேர் நின்னுட்டிருந்தாங்க. கையில கறுப்புக் கவர்."

"நீ என்ன பண்ணின?"

"என்னோடத பின்னாடி மறைச்சேன். அப்புறம் எதுக்குன்னு முன்னாடியே வச்சுக்கிட்டேன்."