எழுந்து நிற்கச் சொன்னது எதற்காக?

சனிக்கிழமை என் அக்கா மகன் படிக்கும் பொறியியல் கல்லூரியின் பெற்றோர் கூட்டத்தில் நடந்ததை அன்றிரவே நான்கு வரி எழுதியிருந்தேன். "இதற்கா இவ்வளவு கோபம்?" என்று கேட்கிறார்கள். ஆமாம், இதற்குத்தான். முதல் பருவத்தில் (செமஸ்டரில்) அரியர், அதாவது தேறாமல் நிலுவையில் நிற்கும் பாடம், வைத்தவர்களின் பெற்றோரை எழுந்து நிற்கச் சொன்னார்கள். என் அக்கா எழுந்து நின்றாள். தையல் வேலையைப் பாதியில் விட்டு வந்தவள். புடவையில் நூல் துணுக்கு ஒட்டியிருந்தது. பக்கத்தில் தலை குனிந்து அவள் மகன்.

முதல் பருவ மதிப்பெண்ணை வைத்து யாருக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் எட்டுப் பருவம். முதல் இரண்டில் 5.5 எடுத்தவன் மீதி ஆறிலும் 8 எடுத்தால், ஒவ்வொரு பருவத்தின் கிரெடிட்டுகளும் (பாடங்களுக்குத் தரும் எடை) ஏறக்குறைய சமம் என்று கொண்டால், சிஜிபிஏ, அதாவது எல்லாப் பருவத்துக்குமான பத்துக்குச் சராசரி, 7.3-ஐத் தாண்டும். வேலைக்கு ஆள் எடுக்க வளாகத் தேர்வுக்கு வரும் பல நிறுவனங்கள் 6 அல்லது 7-தான் கேட்கின்றன, நிலுவையில் அரியர் இல்லாமல். டிஸ்டிங்ஷன் கைவிட்டுப் போகும், உண்மைதான். போகட்டும்.

நான் 2011-இல் பொறியியலில் சேர்ந்தவன். அப்போது பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. பல பள்ளிகளைப் போல எங்கள் பள்ளியும் இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே நடத்தியது. தமிழ்வழியில் படித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் எல்லாம் ஆங்கிலம். வரைபடக் கருவியான மினி டிராஃப்டரைப் பலகையில் மாட்டவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. கணிதம், இயற்பியல், வரைபடம், மூன்றும் போயின. முடிவு பார்க்கப் போன பிரவுசிங் சென்டரில் பின்னால் நின்ற அப்பா, "எல்லாம் பாஸ்தானே?" என்று கேட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

என்னை மீட்டது அறிவுரை இல்லை. விடுதியில் ஓர் அண்ணன் பழைய வினாத்தாள்களைக் கொண்டுவந்து போட்டார். "இரண்டு மதிப்பெண் கேள்வி பத்தையும் விடாதே, அதுவே 20. பிறகு கணிதத்தில் அணிகள் (மேட்ரிக்ஸ்), முதல் அலகு" என்றார். அதில் வரும் கேய்லி-ஹாமில்டன் தேற்றத்தில் தினமும் இரவில் ஒரு கணக்காவது போட வைத்தார். அடுத்த பருவத்தில் புதிய தாள்களோடு அந்த மூன்றையும் எழுதித் தேறினேன்.

"அப்படியானால் கண்டிக்கவே கூடாதா?" கண்டியுங்கள். மாணவனை அறைக்கு அழைத்து, எந்த அலகு புரியவில்லை என்று கேளுங்கள். ஊர் சுற்றித் தோற்றவனும் இருக்கிறான், மறுக்கவில்லை. ஆனால் அவனையும் புரியாமல் தோற்றவனையும் பிரித்துப் பார்க்க ஒரு கேள்வியாவது கேட்டீர்களா? "நாங்களும் கஷ்டப்பட்டுத்தானே படித்தோம்" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை. உங்கள் அம்மாவை யாரும் நிற்க வைக்கவில்லை.

என் அம்மா அப்படி நின்றிருந்தால் நான் படிப்பையே விட்டிருப்பேன். அக்கா பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "அரியர் என்றால் பணம் கட்ட வேண்டுமா?" என்று மட்டும் கேட்டாள். தேர்வுக் கட்டணம்தான் அக்கா, நான் கட்டிக்கொள்கிறேன் என்றேன்.

அக்கா மகன் இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனோடு உட்காரப் போகிறேன். அணிகளிலிருந்து தொடங்குகிறோம்.