சொம்பின் அடி ஏன் வளைகிறது?

அண்ணன் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சொம்பை வரைந்து கொண்டுவந்து காட்டினாள். வாய் அழகான நீள்வட்டம். கழுத்து, வயிறு எல்லாம் சரி. அடியை மட்டும் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேர்கோடாகப் போட்டிருந்தாள். கேட்டால், "மேசை மேல தட்டையாத்தானே உக்காருது சித்தப்பா?" என்கிறாள்.

இதே கேள்வியை நானும் எட்டாவதில் எங்கள் டிராயிங் மாஸ்டரிடம் கேட்டிருக்கிறேன். அவர் பதில் சொல்லவில்லை. கண்ணாடி டம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றி பெஞ்சின் மேல் வைத்தார். வாய் எவ்வளவு திறந்து தெரிகிறது, தண்ணீர் மட்டம் எவ்வளவு தெரிகிறது, அடி எவ்வளவு தெரிகிறது என்று பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து அளக்கச் சொன்னார். கண்மட்டத்துக்குக் கீழே இறங்க இறங்க வட்டம் இன்னும் அதிகமாகத் திறந்து தெரிகிறது! அப்படியென்றால் அடி வாயைவிட அதிகமாக வளைய வேண்டும். "நீ தெரிஞ்சதை வரையற. தெரியறதை வரை" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பையனிடம் போய்விட்டார். ஓவியத்துக்கான லோயர், ஹையர் கிரேடு அரசுத் தேர்வுகளை அவர்தான் என்னை எழுத வைத்தார்.

அண்ணன் மகள் படிக்கும் பள்ளியில் இப்போது டிராயிங் மாஸ்டரே கிடையாது. கால அட்டவணையில் பீரியடு இருக்கிறது. அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

2012இல் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, கணினி, தையல் என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களைப் போட்டார்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். அதை 12,500 ஆக்குவதற்குள் பத்து வருடத்துக்கு மேல் போராட வேண்டியிருந்தது. அந்தச் சம்பளத்தில் ஒருவர் எத்தனை நாள் உற்சாகமாக டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் காட்டுவார்?

இனி நான் சொல்லப்போவது நண்பர்கள் பலருக்குப் பிடிக்காது. ஓவியத்துக்குப் பரீட்சை வையுங்கள். மார்க் போடுங்கள். கலையை மார்க்கால் அளக்கலாமா என்று சண்டைக்கு வருபவர்கள், அளக்காமல் விட்டதால் அதற்கு என்ன ஆனது என்பதையும் கொஞ்சம் பாருங்கள். பத்தாம் வகுப்பில் ஐந்து பாடம், 500 மார்க். ஆறாவதாக எதையும் நம் பள்ளிக்கூடம் கண்ணெடுத்துப் பார்க்காது. இலங்கையில் சாதாரண தரப் பரீட்சைக்குச் சித்திரத்தை ஒரு பாடமாக எடுத்து எழுதலாம். அங்கே யாருடைய கற்பனையும் அதனால் செத்துப்போகவில்லை.

சிபிஎஸ்இ-யிலும் பன்னிரண்டாவதில் ஓவியம் விருப்பப் பாடம்தான். செய்முறைக்கு 70, எழுத்துத் தேர்வுக்கு 30. அந்த எழுத்துத் தேர்வுக்கு என்ன படிக்கிறார்கள் தெரியுமா? நம்ம மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை! சென்னை ஓவியப் பள்ளியின் முதல் இந்திய முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. சென்னையை ஒட்டிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்து பி.வி. ஜானகிராம் செம்புத் தகட்டில் செய்த பிள்ளையாரும் அதே பாடத்தில் வருகிறார். டெல்லியில் ஒரு பிள்ளை அந்த நாலு பேர் பாறையை நெம்பும் கோணத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதுகிறது. அந்தச் சிலையைத் தாண்டி தினமும் பஸ்ஸில் போகிற சென்னை அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அது ஒரு ஸ்டாப்பிங்.

நான் திருப்பூரில் துணிக்கு டிசைன் அச்சடிக்கும் பிரிண்டிங் யூனிட்டில் வேலை பார்க்கிறேன். ஒரு டிசைனில் ஆறு கலர் என்றால் ஆறு ஸ்கிரீன் (சாயம் இறங்கும் வலைச் சட்டம்), கலர் ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்து எடுக்க வேண்டும். பூ வலப்பக்கம் முடிகிற இடமும் இடப்பக்கம் தொடங்குகிற இடமும் ஒட்டவில்லை என்றால் துணி முழுக்கத் தையல் விட்ட மாதிரி கோடு தெரியும். டிசைன் இப்படி ஒட்டித் தொடர்வதற்கு ரிப்பீட் என்று பெயர். சாஃப்ட்வேர் அத்துப்படியான பையன்கள் நிறையப் பேர் வருகிறார்கள். கம்ப்யூட்டர் ஒட்டிக் கொடுத்துவிடும், சரி. ஆனால் எட்டு மீட்டர் துணியை விரித்தால் பூக்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து வரிசை கட்டி நிற்கும். அதைப் பார்க்கிற கண் பல பேருக்கு இல்லை. அவர்களை நான் குறை சொல்லவில்லை, பதினான்கு வயதில் யாரும் பார்க்கச் சொல்லித் தரவில்லை.

அப்புறம் காசு விஷயம். ஆர்க்கிடெக்சர் படிக்க நாட்டா மாதிரி நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், டிசைன் படிக்க என்ஐடி (தேசிய வடிவமைப்பு நிறுவனம்), நிஃப்ட் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனம்) நுழைவுத் தேர்வுகள். எல்லாவற்றிலும் வரையச் சொல்வார்கள். பள்ளியில் சும்மா கிடைத்திருக்க வேண்டிய அந்தச் சொம்புப் பாடத்தைத்தான் கோச்சிங் சென்டரில் பீஸ் கட்டி வாங்குகிறோம். கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு இப்படி ஒரு படிப்பு இருப்பதே தெரியாது.

அண்ணன் மகளுக்கும் கண்ணாடி டம்ளரில் பாதித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை, அழித்து அழித்து வரைந்தாள். பிறகு டம்ளரைத் தூக்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு, "இப்ப வட்டம் எந்தப் பக்கம் வளையும்?" என்று கேட்டாள். வரைந்து பார்த்துட்டு நீயே சொல் என்றிருக்கிறேன்.