சூரியன் ஒன்றும் சாதாரண நட்சத்திரமில்லை

"சூரியன் ஒரு சாதாரண நட்சத்திரம்" என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். கணக்கைப் பாருங்கள். நட்சத்திரங்களைச் சூட்டை வைத்து ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று வகை பிரிப்பார்கள்; ஓ மிகச் சூடு, எம் சூடு குறைந்தது. நம் அயலில் உள்ள நட்சத்திரங்களை எண்ணினால் நாலில் மூன்று எம் வகை, அதாவது சிவப்புக் குள்ளர்கள் என்கிற சின்ன, மங்கலான நட்சத்திரங்கள். அடுத்தது கே வகை, நூற்றுக்கு ஒரு 12. சூரியன் இருக்கிற ஜி வகை ஏழெட்டுத்தான். அதற்கு மேலே எஃப், ஏ, பி மூன்றையும் சேர்த்தாலும் நாலைத் தாண்டாது. ஓ வகையோ பத்து லட்சத்தில் ஒன்றுகூடத் தேறாது. பத்தில் ஒன்பது நட்சத்திரம் நம் சூரியனைவிட மங்கல். இதையா சாதாரணம் என்கிறீர்கள்?

கோளாறு, பார்க்கிற நம் கண்ணில்தான். இப்போது கச்சான் காற்றுக் காலம், திருகோணமலையில் முகில் குறைவு. இரவு ஒன்பது மணிபோல டச்சு பே கடற்கரையில் அண்ணாந்து பார்த்தால் உச்சியில் சுவாதி, கொஞ்சம் தள்ளிச் சித்திரை, தென்கிழக்கில் சிவப்பாகக் கேட்டை. சுவாதி வயது போய் ஊதிப் பெருத்தது. சித்திரை பி வகை; 250 ஒளியாண்டு தூரத்தில் இருந்துகொண்டு இந்த வெளிச்சம் காட்டுகிறது. கேட்டையைச் சூரியனின் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும். மூன்றுமே அபூர்வப் பிறவிகள். சாதகம் எழுதுகிற 27 நட்சத்திரங்களில் ஒரு சிவப்புக் குள்ளன் கிடையாது. வெறுங்கண்ணுக்குத் தெரிந்தால்தானே பெயர் வைக்க! வெளிச்சம் போட்ட கப்பல்களை மட்டும் எண்ணிவிட்டு, கொட்டியாரக்குடாவில் தோணியே இல்லை என்று சொல்கிற கதைதான் இது.

போன கிழமை அக்காவின் மகன் கேட்டான்: "மாமா, எங்கட சூரியன் மாதிரி ஒண்டைக் காட்டுங்கோ."

தெற்கே மூதூர்ப் பக்கம் கையை நீட்டிப் பிடித்தால் அடிவானத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஆல்பா சென்டாரி. உண்மையில் அது இரட்டை. பெரியது ஜி வகை, சூரியனை அச்சில் வார்த்த மாதிரி. சூரியனை விட்டால் நமக்கு மிகக் கிட்டிய நட்சத்திரமான பிராக்சிமாவும் அதே கூட்டந்தான், 4.24 ஒளியாண்டு. ஆனால் சிவப்புக் குள்ளன். 1915 வரை அப்படி ஒன்று இருப்பதே ஒருவருக்கும் தெரியாது.

"எங்க?" என்றான். பிராக்சிமா வெறுங்கண்ணுக்குத் தெரியாதடா, தொலைநோக்கி வேணும் என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

எனக்கென்னவோ அந்தக் குள்ளர்களைத்தான் பிடித்திருக்கிறது. கேட்டை மாதிரியானவை ஓரிரு கோடி ஆண்டுகளில் எல்லாவற்றையும் எரித்துத் தீர்த்து வெடித்துவிடும். இவை சிக்கனமாக லட்சம் கோடி ஆண்டுக் கணக்கில் எரியும். பிரபஞ்சத்துக்கே 1,380 கோடி வயதுதான் என்பதால், இதுவரை ஒரு சிவப்புக் குள்ளன்கூட வயது போய்ச் செத்ததில்லை.

பிள்ளைகளுக்கு ஆல்பா சென்டாரியைக் காட்ட விரும்புகிறவர்கள் இந்த மாதமே காட்டிவிடுங்கள். ஆடி முடியும்போது இதே நேரத்துக்கு அது நன்றாகத் தாழ்ந்துவிடும், அப்புறம் தேடுவது கஷ்டம்.