எட்டுப் பேர் அறையில் இருபது பேர்

சிறைக்குள் கைதிகள் மோதிக்கொண்ட செய்தி முகநூலில் சுற்றுகிறது. அதைப் பற்றித் திரும்ப எழுதப் போவதில்லை, எல்லோரும் பார்த்தாயிற்று. அந்தச் செய்திக்குக் கீழே வந்த பின்னூட்டங்கள்தான் என்னைத் தூங்க விடவில்லை. "மிருகங்கள், அடித்துக்கொண்டு சாகட்டும்." அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. ரொம்ப நன்றி.

நான் சொல்வது ஒன்றுதான். எட்டுப் பேருக்கான அறையில் இருபது பேரை அடைத்தால் அடிதடி வரும். யாரை அடைத்தாலும் வரும்.

என் அண்ணன் விசாரணைக் கைதியாக 41 நாள் உள்ளே இருந்தார். பிறகு வழக்கே நிற்கவில்லை, அது வேறு கதை. இரவில் எல்லோரும் ஒருக்களித்துத்தான் படுக்க வேண்டுமாம். ஒருவர் புரண்டால் வரிசையே புரளும். கழிப்பறை ஓரம் புதிதாக வந்தவருக்கு. முதல் வாரமே, ஒரு சாண் இடத்துக்காக என் அண்ணன் இன்னொருவரின் உதட்டைக் கிழித்துவிட்டார். அதுவரை யார் மீதும் கை வைக்காத மனிதர்.

"சிறை என்ன சொகுசு விடுதியா?" மெத்தை யார் கேட்டது? மல்லாந்து படுக்க இடம் கேட்கிறேன்.

2011இல் கலிபோர்னியா சிறைகள் பற்றிய தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே எழுதியிருக்கிறது: உடற்பயிற்சிக் கூடம் ஒன்றில் 200 பேர் வரை, காவலுக்கு இரண்டு மூன்று பேர். ஒரே கழிப்பறைக்கு 54 பேர் வரை. காவலர் கண் எட்டாத இடத்தில் பலசாலி வைத்ததுதான் சட்டம். பயந்தவன் ஏதாவது கும்பலோடு ஒட்டிக்கொள்வான், இல்லையென்றால் கரண்டிக் காம்பைத் தரையில் தேய்த்துக் கூராக்குவான். 1990இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஸ்ட்ரேஞ்ச்வேஸ் சிறையில் 970 பேர் இடத்தில் 1,647 பேர் இருந்தார்கள். கலவரம் 25 நாள் ஓடியது. அத்தனை பேரும் பிறவி மிருகங்களா?

"நெரிசலிலும் அமைதியான சிறைகள் உண்டே, ஆய்வுகளும் ஒரே மாதிரி சொல்லவில்லையே" என்று ஒரு நண்பர். சரி, நிர்வாகம் நன்றாக இருந்தால் கொஞ்சம் தாங்கும். 200 பேருக்கு இரண்டு காவலரை வைத்துக்கொண்டு என்ன நிர்வாகம் செய்வீர்கள், அதையும் சொல்லிவிட்டுப் போங்கள்.

"பாதிக்கப்பட்டவர்களை நினைத்தாயா?" நினைத்தேன். தண்டனை கொடுங்கள், நீதிபதி எழுதியதைக் கொடுங்கள். உதடு கிழிய வேண்டும் என்று எந்தத் தீர்ப்பில் இருக்கிறது? என் அண்ணனுக்குத் தீர்ப்பே வரவில்லையே.

வெளியே வந்து வருடங்களாகியும் சுவரோடு ஒட்டி ஒருக்களித்துத்தான் படுக்கிறார், கட்டிலில் பாதி காலியாகக் கிடக்கும். அவரும் முகநூலில் இருக்கிறார். நேற்று அந்தப் பின்னூட்டங்களை அவரும் படித்திருப்பார்.