ஷியரர் லீக் பட்டம் வென்றவரே

இங்கிலாந்துக் கால்பந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக்கில் 260 கோல்கள் அடித்த ஆலன் ஷியரர் ஒருமுறைகூட அந்தப் பட்டத்தை வென்றதில்லை என்று பரவும் செய்தி தவறானது. 1994–95 பருவத்தில் பிளாக்பர்ன் ரோவர்ஸ் வாகை சூட, 34 கோல்கள் அடித்துப் பெரும் பங்காற்றியவர் அவர். கடைசி நாளான 1995 மே 14 அன்று, லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் ஷியரர் முதல் கோலை அடித்தும் பிளாக்பர்ன் லிவர்பூலிடம் 2-1 எனத் தோற்றது. எனினும் அதே வேளையில் பட்டத்துக்குப் போட்டியிட்ட மான்செஸ்டர் யுனைடெட் வெஸ்ட் ஹாமுடன் 1-1 என்று சமன் செய்ததால், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டம் கைகூடியது. அவருடைய கோல்களில் 112 பிளாக்பர்னுக்காக அடித்தவை. அவற்றைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, அவை ஈட்டித்தந்த பட்டத்தை மட்டும் மறைப்பது நியாயமன்று. 1996இல், அன்றைய உலக சாதனைத் தொகையான 1.5 கோடி பவுண்டுக்குச் சேர்ந்த நியூகாசிலில்தான் அவருக்குப் பெரிய கோப்பை எதுவும் வாய்க்கவில்லை. 1998, 1999 ஆகிய இரு எஃப்ஏ கோப்பை இறுதியாட்டங்களிலும் அவ்வணி தோற்றது.