காலிக்குடமா, நிறைகுடமா?

என் ஓவியத்துக்கு நான் வைத்த பெயர் ‘லாரித் தண்ணீர்’. கண்காட்சிக்கு முந்தைய நாள் மாலை, அச்சாகி வந்த கையேட்டைப் பிரித்தால் அது ‘லிக்விட் மெமரி’ ஆகியிருந்தது. யார் மாற்றியது என்று கேட்டேன். “வெளியூர்க்காரர்களுக்கும் புரியவேண்டும் அல்லவா சார்” என்றார் அமைப்பாளர். வியாசர்பாடியில் ஒரு தெருமுனை, ஒரு டேங்கர் லாரி, அதைச் சுற்றி 22 பிளாஸ்டிக் குடங்கள், குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்புகிற ஒரு பெண். இவ்வளவுதான் படம். இதில் எந்த ஊர்க்காரருக்கு என்ன புரியாமல் போகும் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் பங்கேற்புக் கட்டணம் 7,000 ரூபாய் கட்டியாகிவிட்டது. பிரேமுக்கு 2,400 தனி. வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். மூடிய வாயைத் திறக்க இந்த முகநூல் சுவர் இருக்கவே இருக்கிறது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஓவியக் கல்லூரியில் படித்தவன் இல்லை. 31 வருடம் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. கட்டட வரைபடம், கழிவுநீர்க் குழாய்ப் பாதை, மாடிப்படிக் குறுக்குவெட்டு. கணினியில் வரைகிற ஆட்டோகேட் வருவதற்கு முன்னால், டிரேசிங் தாளில் ரோட்ரிங் பேனாவால் கோடு போட்டுக் கை பழகிய கடைசித் தலைமுறை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ் போகும்போதெல்லாம் ஜன்னல் வழியாகச் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் சிவப்புக் கட்டடத்தைப் பார்ப்பேன். உள்ளே போக ஒரு கூச்சம். 1850-இல் அதை ஆரம்பித்த அலெக்சாண்டர் ஹன்டர் என்பவர் ஒரு மருத்துவர் என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. டாக்டர் ஆரம்பித்த பள்ளிக்கூடத்துக்குள் நுழைய டிராஃப்ட்ஸ்மேன் எதற்குப் பயந்தேனோ!

நவீன ஓவியத்தை நான் முதலில் பார்த்தது எந்தக் கூடத்திலும் இல்லை, ஒரு வாரப் பத்திரிகையில். எண்பதுகளில் கி. ராஜநாராயணன் ஜூனியர் விகடனில் கரிசல் காட்டைப் பற்றித் தொடர் எழுதினார். அதற்குப் படம் வரைந்தவர் ஆதிமூலம். எங்கள் வீட்டில் எழுத்தைப் படிக்க அடிபிடி நடக்கும். நான் படத்துக்காகக் காத்திருப்பேன். ஒரு கிழவரின் முதுகு. கழுத்தடியில் கனமாக இறங்குகிற கோடு, பாதி வழியில் மெலிந்து, இடுப்புக்கு வருவதற்குள் காணாமல் போய்விடும். கோடே இல்லாத இடத்தில்தான் முதுகு வளைந்திருக்கும். ஒருநாள் ராத்திரி டிரேசிங் தாளை அதன்மேல் போட்டு, 0.3 பேனாவால் அப்படியே எடுத்துப் பார்த்தேன். கம்பியை வளைத்துவைத்த மாதிரி வந்தது. எங்கள் தொழிலில் மை தப்பாக விழுந்தால் பிளேடால் சுரண்டிவிட்டு, நகத்தால் தேய்த்து, மறுபடி இழுப்போம். அந்தத் தாளை மூன்று முறை சுரண்டினேன். நான்காவது முறை ஓட்டை விழுந்தது. 1969-இல் காந்தி நூற்றாண்டையொட்டி ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களைப் பிற்பாடு அச்சில் பார்த்தபோது, நான் ஏன் தோற்றேன் என்று கொஞ்சம் பிடிபட்டது. அந்தக் கோடு நின்று யோசிப்பதில்லை. என் கை ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அளவு கேட்கிற கை.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தத் தலைமுறை ஓவியர்கள் தமிழ் வாசகனின் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தார்கள். சிற்றிதழ் அட்டை, கதைக்குப் படம், புத்தகத் தலைப்புக்குப் புதுமாதிரி எழுத்து என்று எல்லா வேலையும் செய்தார்கள். டிராட்ஸ்கி மருதுவின் குதிரைகளை ஓவியக் கூடத்துப் பக்கமே போகாதவர்கள்கூட அடையாளம் சொல்வார்கள். ஆதிமூலம், வீர சந்தானம் போன்றவர்கள் நெசவாளர் சேவை மையத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே வரைந்தவர்கள். என்னைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை ஓவியனுக்கு இந்தச் செய்தி எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

சோழமண்டலத்துக்கு நான் முதலில் போனபோது எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. 1966-இல் கே.சி.எஸ். பணிக்கரும் சுமார் முப்பது ஓவியர்களும் சேர்ந்து உருவாக்கிய கிராமம். பத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் மணற்காட்டை வாங்கினார்கள். இன்றைக்கு அதே சாலையில் அடுக்குமாடிக்கு நான் போட்டுக்கொடுத்த வரைபடங்களே ஒரு கட்டு இருக்கும். அங்குள்ள அருங்காட்சியகத்துக்கு என் மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். பணிக்கரின் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைச் சேர்ந்த ஓர் ஓவியத்தின் முன்னால் மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நின்றுவிட்டார். கட்டங்கள், எண்கள், வரிவரியாக எழுத்து. மலையாளம் போல இருக்கிறது, மலையாளம் இல்லை. எந்த மொழியிலும் வாசிக்க முடியாது. “யாருடைய ஜாதகம் இது?” என்றார் மாமா. நான் வெட்கப்பட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தேன். தேவையே இல்லாத வெட்கம். ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கத்தைப் பார்த்ததிலிருந்துதான் 1963-இல் அந்த வரிசை பிறந்தது என்று பணிக்கரே சொல்லியிருக்கிறார். ஜாதகக் கட்டமும் அதற்குள் வந்து சேர்ந்ததுதான். மாமா ஐந்து நிமிடத்தில் விஷயத்துக்குப் பக்கத்தில் போய்விட்டார். அவருக்கு யாரும் குறிப்பு எழுதிக்கொடுக்கவில்லை.

இப்போது என் கண்காட்சிக்கு வருகிறேன். விண்ணப்பத்தோடு, படத்தின் கருத்தை விளக்கும் ‘கான்செப்ட் நோட்’ கேட்டார்கள். 150 சொல், ஆங்கிலத்தில். தமிழில் தரட்டுமா என்று கேட்டதற்கு, தந்தால் அவர்களே மொழிபெயர்த்துக்கொள்வார்களாம், அதற்கு 500 ரூபாய் கூடுதலாம். அக்கா மகள் எழுதிக்கொடுத்தாள். கெட்டிக்காரி, விளம்பர நிறுவனத்தில் இருக்கிறாள். என் படம் ‘நகரத்தின் விளிம்பில் உடலுக்கும் பற்றாக்குறைக்கும் நடுவில் நிகழும் உரையாடலை விசாரிக்கிறது’ என்று அதில் இருந்தது. “நான் எதையும் விசாரிக்கவில்லையே, லாரியைத்தானே வரைந்தேன்” என்றேன். “சும்மா இருங்கள் மாமா, இல்லாவிட்டால் எடுக்க மாட்டார்கள்” என்றாள். எடுத்துக்கொண்டார்கள்.

திறப்பு நாளில் 60 பேர் இருந்திருப்பார்கள். நான் ஒரு தூணோரமாக நின்று எண்ணினேன், தொழில் புத்தி. வந்தவர்களில் பெரும்பாலானோர் முதலில் படத்துக்குப் பக்கத்திலிருந்த அட்டையைப் படித்தார்கள். பிறகு ஒரு நொடி நிமிர்ந்து, அட்டையில் சொன்னது சுவரில் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு அடுத்த அட்டைக்கு நகர்ந்தார்கள். ரேஷன் கடையில் பில்லையும் பையையும் பார்ப்பது போல. சென்னையில், தமிழர்கள் வரைந்து தமிழர்கள் பார்த்த அந்தக் கூடத்தில், ஒரு தமிழ் எழுத்து இல்லை. படங்களுக்குள் இருந்த கடைப்பலகைகளில்தான் இருந்தது.

ஆங்கிலமே கூடாது என்கிற கட்சி இல்லை நான். பணிக்கர் மலையாளி. சென்னை ஓவியக் கல்லூரியில் நான்கு மாநிலத்து மாணவர்கள் படித்தார்கள். அறுபதுகளில் இங்கிருந்து பணிக்கரும் சக ஓவியர்களும் நடத்திய ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ இதழே ஆங்கிலத்தில்தான் வந்தது. வேறு வழியில்லை, அதற்கு ஒரு வேலையும் இருந்தது. தில்லியிலும் பம்பாயிலும் ஓவியம் என்றால் என்னவென்று முடிவாகிக்கொண்டிருந்த காலத்தில், தெற்கே இப்படியும் ஒன்று நடக்கிறது என்று சொல்லவேண்டியிருந்தது. இப்போது நாம் யாருக்கு, எதைச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதுகிறோம்? குறிப்பை எழுதியவருக்கும் புரியாது, படிக்கிறவருக்கும் புரியாது, வரைந்தவனுக்குச் சுத்தமாகப் புரியாது. பணிக்கரின் வாசிக்க முடியாத எழுத்தைக் கூட்டத்தோடு நின்று பார்க்கலாம். இந்த வாசிக்க முடிகிற எழுத்து இருக்கிறதே, அது ஆளைப் படத்திடமிருந்து தள்ளிவைக்கிறது.

கூடம் நடத்துகிறவர்களுக்கு வாடகை இருக்கிறது, விற்றால்தான் விளக்கெரியும், அதெல்லாம் தெரியும். நம் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடவேண்டும். எங்களைப் போன்ற பொழுதுபோக்கு ஓவியர்கள் கபாலி கோயில் கோபுரத்தைக் கைப்பேசிப் படத்தில் பார்த்து வரைந்து, ‘அச்சு அசல்’ என்று ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கிரீம்ஸ் சாலையில் லலித்கலா அகாதமி இருக்கிறது, போய்ப் பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது. எங்கள் ஞாயிறு குழுவில் 14 பேர். அங்கே கால் வைத்தவர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர். அரூப ஓவியத்தைப் பார்த்தால் ‘என் பேரன் இதைவிட நன்றாகக் கிறுக்குவான்’ என்று சொல்லத் தெரியும். நானும் சொன்னவன்தான். ஆதிமூலம் கோட்டோவியத்தை விட்டு வண்ணப் பரப்புக்குப் போனதை நான் பல வருடம் மன்னிக்கவேயில்லை, என்னவோ என்னைக் கேட்காமல் போய்விட்ட மாதிரி. பிறகு ஒருநாள் அந்தப் பெரிய கேன்வாஸ்களில் ஒன்றின் முன்னால் நின்றபோது, மேலே தெரிந்த நிறத்துக்கு அடியில் வேறொரு நிறம் ஓரங்களில் கசிந்துகொண்டிருந்தது. கோடு போகவில்லை, இரண்டு நிறம் உரசுகிற இடத்தில் போய் ஒளிந்திருந்தது. அதைப் பார்க்க எனக்கு அரைமணி நேரம் பிடித்தது. அட்டையில் படத்தின் அளவும் வருடமும் மட்டும்தான் இருந்தன, நல்லவேளை.

என் ‘லாரித் தண்ணீர்’ பற்றி அந்த ஐந்து நாளில் ஒரே ஒருவர்தான் பேசினார். மூன்றாம் நாள் காலை, கூடம் திறக்கும் முன்பே போய்விட்டேன். தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா, ஐம்பத்தைந்து வயது இருக்கும், துடைப்பத்தை ஊன்றியபடி என் படத்துக்கு எதிரே நின்றிருந்தார். நான்தான் வரைந்தேன் என்று அவருக்குத் தெரியாது.

“இந்தப் பொண்ணு வெறுங்குடத்தையா எடுத்துக்கொண்டு போகிறது, சார்?” என்றார்.

“இல்லையம்மா, தண்ணீர் பிடித்துக்கொண்டு போகிறாள்.”

“நிறைகுடம் என்றால் அந்தக் கை இப்படித் தொங்காதே.” துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, வாளியைத் தூக்கி இடது இடுப்பில் வைத்துக் காட்டினார். வலது தோள் தானாக இறங்கியது. வலது கை உடம்பை விட்டு விலகி, விரல்கள் விரிந்து, காற்றைப் பிடித்துக்கொள்வது போல நின்றது. கழுத்து நேரே இல்லை, குடத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு பிடி சாய்ந்திருந்தது. “இங்கே பாருங்கள், தரையில் ஒரு சொட்டு இல்லை. நிரம்பினது என்றால் தளும்பாமல் இருக்குமா? லாரிக்காரன் காலிக்குடத்தோடு விரட்டிவிட்டான் போல, பாவம்” என்று சொல்லிவிட்டு வாளியோடு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

டிராஃப்ட்ஸ்மேனின் கை. அந்தப் பெண்ணின் வலது கையை நான் தூக்குநூல் விட்டது போல நேர்செங்குத்தாக இறக்கியிருந்தேன். 60 பேரும் அட்டையும் கையேடும் தாண்டிப் போன தப்பு.

படம் விற்கவில்லை, வீட்டுக்கு வந்துவிட்டது. அக்ரிலிக் என்பதால் மேலேயே பூசித் திருத்தலாம். கையை இரண்டு முறை மாற்றினேன், தோள் ஒத்துவரவில்லை. மனைவியைக் கெஞ்சி நிறைகுடத்தோடு சமையலறையில் நிற்கவைத்தேன். நான்கு நிமிடம் நின்றார். ஐந்தாவது நிமிடம், “உங்கள் ஓவியத்துக்கு இடுப்பு வலிக்காது, எனக்கு வலிக்கும்” என்று குடத்தை இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார். தரையெல்லாம் தண்ணீர். துடைப்பதற்கு முன்னால் அது எந்தப் பக்கமாகச் சிந்தியிருக்கிறது என்று உட்கார்ந்து ஒரு படம் போட்டுக்கொண்டேன். கான்செப்ட் நோட்டின் பின்பக்கம் காலியாக இருந்தது, அதில்தான்.