விலையில் இசைக்குழுவுக்கும் பங்கு உண்டு
"டிக்கெட் விலையை வைப்பது டிக்கெட்மாஸ்டர்தான், இசைக்குழு பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார் (டிக்கெட்மாஸ்டர் என்பது இசை நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் விற்கும் அமெரிக்க நிறுவனம்). அது சரியில்லை. அமெரிக்காவில் அடிப்படை விலையை இசைக்குழுவின் தரப்பும் நிகழ்ச்சி ஏற்பாட்டாளரும் பேசித்தான் முடிவு செய்கிறார்கள். அதன்மேல் ஏறும் கட்டணங்களில் அரங்கத்துக்கும் கணிசமான பங்கு போகிறது.

2023-இல் தி க்யூர் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் இசைப் பயணத்தைப் பாருங்கள். விலை குறைவாகவே இருக்க வேண்டும், கிராக்கிக்கு ஏற்ப ஏறக்கூடாது என்று அதன் பாடகர் ராபர்ட் ஸ்மித் பிடிவாதமாக நின்றார். சில இருக்கைகள் வெறும் 20 டாலர். ஆனால் பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் சேவைக் கட்டணம், அரங்கக் கட்டணம், அப்புறம் ஆர்டருக்கு ஒரு கட்டணம். எல்லாம் சேர்ந்து டிக்கெட் விலையையே தாண்டிவிட்டன. ஸ்மித் பகிரங்கமாகக் கொதித்த பிறகுதான் டிக்கெட்டுக்கு ஏற்ப 5 அல்லது 10 டாலர் திரும்பி வந்தது.

அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்க ராக் பாடகர் ப்ரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் தரப்பு, கிராக்கிக்கு ஏற்ப ஏறும் அந்த விலைக்குச் சம்மதித்தது. சில இருக்கைகள் 4,000 டாலரைத் தொட்டன. எனக்கு அது இன்னும் வருத்தம்தான். இரண்டு பயணங்களுக்கும் டிக்கெட் விற்றது அதே டிக்கெட்மாஸ்டர்தான்.